ஒற்று

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
எழுத்து அறுக்கிற வேலை எனக்கு.
இரும்புத் தகட்டில் தமிழ், பக்கத்திலேயே மலையாளம்.
பாறசாலைக் கடைக்காரர்கள்
ஒரே பலகையில் இரண்டும் கேட்பார்கள்.
மலையாளத்துக்கு வளைவு அதிகம், கூலியும் அதிகம்
என்பார் கிளீட்டஸ்.
கூலி யாருக்கு என்று சொல்லமாட்டார்.

தமிழில் தொல்லை புள்ளிகள்தான்.
பழைய நாலணா அளவு. வைஸில் நிற்காது.
குறட்டால் கவ்வி கிரைண்டரில் ஓரம் தேய்க்க வேண்டும்.
வழுக்கினால் கழிவுக்குள் போய்விடும்,
தேடினால் ஆயிரம் துண்டு கிடைக்கும், அது கிடைக்காது.

அன்றைக்கு அனிலா பேக்கரி.
இடவப்பாதி மழை. கூரைக்கடியில் மூச்சே நனைந்திருந்தது.
கண்ணாடிக்குள் ஆவி.
துடைத்தேன், போட்டேன், மறுபடி வெள்ளை.
எல்லா எழுத்தும் முடிந்துவிட்டது,
க் தலைக்கு ஒன்று மட்டும் பாக்கி.
ஒரு புள்ளிதானே என்று
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன்.
நெற்றிக்கண் இருந்திருந்தால்
அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அப்போது எதுவும் தெரியவில்லை.
ராத்திரி, இமைக்குள் யாரோ மணல் அரைத்தார்கள்.
அடுத்த வீட்டு மேபல், பிள்ளை பெற்று நாற்பது நாள்,
பால் விடவா என்று வந்து நின்றாள்.
காலையில் பினு
பத்து ரூபாய் நோட்டை மடித்து முனை கூராக்கினான்.
நாலு பேருக்கு எடுத்திருக்கிறானாம்.
நாலில் ஒருவர் கிளீட்டஸ்.
அவர் இடது கண்ணில் இப்போதும்
கலையாத ஒரு மேகம்.

நான் பஸ் ஏறினேன்.

நெய்யாற்றின்கரை. டாக்டர் சின்னப் பெண்.
மரத்துப்போக இரண்டு சொட்டு.
தாடை இங்கே, நெற்றி அங்கே.
"அனங்ஙல்லே" என்றாள்.
ஊசி வருவது தெரிந்தது.
வந்துவிட்டது தெரியவில்லை.
"கண்ணட வெச்சில்லே?"
வச்சிருந்தேன் டாக்டர் என்றேன்.
பொய் இல்லை.
எந்த இடத்தில் என்று அவள் கேட்கவில்லை.

பஞ்சு முனையில் காட்டினாள்.
பழுப்பு. கடுகில் கால்வாசி.
புள்ளி விழுந்தால் எழுத்துக்கு உயிர் போகும்,
மெய்தான் மிஞ்சும்
என்று பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கியவள் நான்.

மருந்துக் குப்பியில் நர்ஸ்
வலது கண்ணு என்று மலையாளத்தில் எழுதிக் கொடுத்தாள்.
நான் அறுத்துப் பழகிய எழுத்து.
நாம் புள்ளி வைக்கிற இடத்தில்
அவர்களுக்குச் சின்னதாக ஒரு பிறை.
துரு இன்னும் கொஞ்சம் வளைந்து நிற்கிறது,
நாளைக்கும் வா, என்றிருந்தாள் டாக்டர்.
ஆக, புள்ளி போய்விட்டது.
பிறை உள்ளே இருக்கிறது.

திரும்பும்போது கம்பியைப் பிடித்தேன், காற்று வந்தது.
கண்டக்டர் தந்த சில்லறை
கைக்கும் கைக்கும் நடுவே விழுந்தது.
நான் அறுத்த பலகைகள் ஒவ்வொன்றாய்க் கடந்தன,
சுவரில் ஒட்டிய காகிதம்போலத் தட்டையாக.

பேக்கரிப் பலகை அதற்குள் ஏறிவிட்டது.
என் புள்ளி கிடைக்கவே இல்லையாம்.
க் மேல்
ஒரு போல்ட் தலையை வெல்டு வைத்திருந்தார்கள்.
ஆறு மூலை உள்ள புள்ளி.
முதலாளி பார்க்கவில்லை.
பன் வாங்குகிறவர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்?

இப்போது ஆவி பிடித்தால் சுவிட்சை அணைக்கிறேன்.
அணைத்த பிறகும் வட்டு சுற்றும்.
அது நிற்கிறவரை குருடாக நிற்பேன்,
பிறகுதான் கழற்றித் துடைப்பது.
"எந்தா, சமாதியா?" என்பான் பினு.
கிளீட்டஸ் ஒன்றும் சொல்வதில்லை,
மேகம் இல்லாத கண்ணால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நேற்று துடைக்கும்போது
வலப்பக்க வில்லையில் நகத்துக்கு ஒரு பள்ளம் தட்டியது.
எப்போது விழுந்தது, எந்த எழுத்து அறுக்கையில்,
தெரியவில்லை.
இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டேன்.

அடுத்த பலகை டயர்ஸ்.
இரண்டு புள்ளி.